ஆர்லினின் மூன்றாவது பாத்தி

வண்டி நிற்பதற்குள் ஆர்லின் ஹோலெச்செக் இறங்கிவிட்டார். கதவு திறந்தபடி கிடக்கிறது. பின்னால் வந்த சோள லாரி ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே விலகிப் போகிறது. பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி பிரேக்கைப் போடுவது என் வேலை. அவரோ சாலையோரப் பள்ளத்தில் இடுப்பளவு புல்லுக்குள் நின்று, ஒரு தண்டை விரல்களுக்கிடையே உருட்டுகிறார்.

"அடிப்பக்கம் தட்டையா இருக்கு. இது வேற ஜாதி. ஏறு தம்பி, போலாம்."

நான் இறங்கவே இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊரில் அவரைப் போல உட்காரத் தெரியாத மனிதர் வேறு இல்லை. பாதிரியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். மனைவி டோரின் சூப் ஊற்றுவதற்குள் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். இப்படிப்பட்டவர், விதைத்தால் மூன்று நான்கு வருடம் பூக்காத உதிர்விதைப் புல் என்கிற பழைய காட்டுப் புல்லின்மேல் போய் ஆசை வைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இலை நூல் மாதிரி இருக்கும். குத்துக் குத்தாக வளர்ந்து, குடைபோலக் கவிந்திருக்கும். கோடைக் கடைசியில் பூத்தால் பாப்கார்ன் பொரிகிற வாசனை வரும். கலப்பை படாத பழைய கல்லறைத் தோட்டத்து மூலையில் மட்டும்தான் எங்கள் பக்கத்தில் அது மிஞ்சியிருந்தது. அங்கிருந்து உருவி வந்த விதைகளை ஈர மணலில் பிசைந்து, குளிர்காலம் முழுக்க டோரினின் ஃப்ரிட்ஜில், பிளம் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்.

முதல் பாத்தி வேரோடிவிட்டதா என்று அவர் கரண்டியால் தோண்டித் தோண்டிப் பார்த்ததிலேயே செத்தது. இரண்டாவதில், களை என்று நினைத்து உதிர்விதை நாற்றையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, நரிவால் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். அது கதிர் தள்ளியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வருடம் முழுக்க டீசல் போடப் போகும் இடத்தில் ஒரே கேள்விதான்: "என்ன ஆர்லின், நரி சௌக்கியமா?"

மூன்றாவது பாத்தி போட்ட மறு வருடம், கல்லறைத் தோட்டத்து மூலையில் கார் நிறுத்தச் சரளை கொட்டிவிட்டார்கள். ஆர்லின் அன்று என் வீட்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"இனிமே விதைக்கு எங்கடா போவேன்? என் பாத்திதான் பாக்கி. அதையும் இந்தக் கை சும்மா விடாதே!"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

அதன்பின் பாத்தியைச் சுற்றிச் சுற்றி நடந்தே ஒரு தடம் விழுந்தது. எது புல், எது களை என்று சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். "நீ தொட்டுப் பாரு. நான் தொட்டா புடுங்கிடுவேன்." வெறுப்பேற்றுகிற மனிதர். ஆனாலும் போவேன்.

போன வாரம், நான்காவது கோடையில், ஒரே ஒரு குத்து பூத்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, சமையலறை ஜன்னலைத் தட்டி டோரினையும் இழுத்து வந்தார். மூட்டு தேய்ந்துபோன டோரின் பாத்தி ஓரத்தில் ஊன்றுகோலோடு நின்றுவிட்டாள்.

"என்னால குனிய முடியாதுய்யா. ஒரு தண்டு பறிச்சுக் குடு, மோந்து பாக்கறேன்."

"பறிக்க மாட்டேன்."

"ஒண்ணே ஒண்ணுதானே?"

"அதுல விதை இருக்கு டோரின்."

"அப்ப எனக்கு வாசனை கிடையாதா?"

ஆர்லின் என்னைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். பிறகு அந்தக் குத்துக்குப் பக்கத்தில் மண்ணில் கையையும் காலையும் ஊன்றி, முதுகை மேசைபோலத் தாழ்த்தினார்.

"உக்காரு."

டோரின் உட்கார்ந்து, மெல்லக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவளாக எழுந்திருக்கும்வரை அவர் அசையவே இல்லை.