என் மனைவி பேசிய தீவு மொழி

நானும் என் மனைவி ஜெயந்தியும் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் ஆசிரியர்கள். போன விடுமுறைக்குச் சொந்த ஊரான சேலையூர் வந்திருந்தபோது, எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா போன் செய்தார். தன் மனைவியை இருதய ஆபரேஷனுக்காகப் பெரும்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருக்கிறாராம். கடைசி நேரத்தில் அந்தம்மா பயந்துபோய் மாட்டேன் என்கிறாராம்.

உடனே பைக்கில் கிளம்பினோம். அந்தம்மா கட்டில் கம்பியை இறுகப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். டாக்டரின் ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. ஜெயந்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் மொழியான திவேஹியில் பேச ஆரம்பித்தாள். நான் அசந்துபோனேன். எனக்குக் கடையில் மீன் கேட்கும் அளவுக்குத்தான் அந்த மொழி வரும். அவளோ டாக்டர் சொன்னதையெல்லாம் பொறுமையாக விளக்கினாள். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியென்று தலையாட்டினார்.

"இவ்வளவு எப்போ கத்துக்கிட்ட?" என்றேன்.

"பசங்க வீட்டுக்குப் போறப்ப அம்மாக்கள்கிட்ட பேசணும் இல்ல?" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்த நர்ஸ், "மேடம் மாலத்தீவா சார்?" என்று கேட்டார்.

"இல்லம்மா, சேலையூர்தான். என் வொய்ஃப்!" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

நான் வகுப்பறையோடு நின்றுவிட்டேன். அவள் அந்த வீடுகளுக்குள்ளும் போயிருக்கிறாள். இப்போது நானும் அவளோடு போகிறேன்.