சுக்கான் பிடித்தவர்

மகளின் வகுப்பை சிட்னியில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போனார்கள். உதவிக்குப் பெற்றோர் தேவை என்றதால் நானும் போனேன். தென்துருவக் கடலில் பனிக்கட்டி கப்பலை நொறுக்கிவிட, சின்னப் படகில் தப்பிக் கரையேறிய மாலுமிகளின் கதை. அந்தப் படகு மாதிரியே ஒன்றைச் செய்து நடுவில் வைத்திருந்தார்கள். நாங்கள் அகதிகளாக வந்த படகு இதைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அதில் கால் நீட்ட இடமில்லை.

விளக்கம் சொன்ன பெண் நல்லவள்தான். விறைத்த கைகள், சீல் இறைச்சி, உப்புத்தண்ணீரில் ஊறிய உடுப்பு என்று எல்லாவற்றையும் பிள்ளைகளின் கண்முன்னே கொண்டு வந்தாள். சுக்கான் பிடித்தவர் கண்ணயராமல் இருந்ததால்தான் எல்லோரும் பிழைத்தார்களாம். அவருக்குப் பதக்கமும் கொடுத்தார்களாம்.

எங்கள் படகை ஓட்டி வந்தவன் காய்ச்சலில் விழுந்தபோது சுக்கானைப் பிடித்தவர் என் கணவர். மன்னார்க் கடலில் வளர்ந்தவர். எங்கள் கரையில், புயலுக்குள்ளால் படகைக் கொண்டு வந்தவருக்குத்தான் முதல் தேத்தண்ணி. அவரும் அதை மறைக்க மாட்டார், அது பெருமை. அந்தப் பழக்கம் இங்கேயும் போகவில்லை. கரையிறங்கியதும் நடந்த குடிவரவு விசாரணையில் படகை ஓட்டியது யார் என்று அதிகாரி கேட்டதும், "நான்தான். ஒரு உயிரும் போகாமல் கொண்டுவந்து சேர்த்தனான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அப்படியென்றால் ஆட்களைக் கடத்தியவர் நீர்தான் என்று பிடித்துக்கொண்டார்கள்.

அவரால் பிழைத்தவர்களில் சிலர் இங்கே சிட்னியிலேயே, வெஸ்ட்மீட்டில் வீடும் வாங்கிவிட்டார்கள். கண்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். இவருடைய வழக்குத்தான் இன்னும் இழுபடுகிறது. தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். அவர் வாயால் சொன்னதைத் தவிர வேறு சாட்சி இல்லை, இனி யாரும் அந்தக் கதையை எடுக்கக் கூடாது என்று லோயர் சொல்லியிருக்கிறார்.

"இந்தச் சுக்கான் பிடித்தவரைப் போன்ற ஒருவரை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று அந்தப் பெண் பிள்ளைகளைக் கேட்டாள். மகள் கையை உயர்த்தினாள். நான் பிடித்து இறக்கினேன்.

பஸ்ஸில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

"வொய் அம்மா? அப்பாவும் அப்பிடித்தானே எல்லாரையும் காப்பாத்தினவர்?"

"ஓம்," என்றேன். "ஆனா ஆர் கேட்டாலும், அப்பா மற்றாக்களோட சேந்து, கடல் ஒத்துக்கொள்ளாம சத்தியெடுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தவர் எண்டு சொல்லு."