பின்னறையில் நின்ற சாம்பிராணிப் புகை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவது வரை படித்தவன் என்பது ஒரு காரணம். தப்பு என்னுடையது என்பது அதைவிடப் பெரிய காரணம். அம்மன் மன்னித்துவிட்டாள் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு சின்னது. முன்னறை, சமையல்கட்டு, பின்னறை, அவ்வளவுதான். முன்னறைக்குப் பக்கத்து மாடிவீட்டு நிழல் உண்டு. சாயங்காலமானால் என் மனைவி அங்கே சால்வை போர்த்திக்கொண்டுதான் உட்காருவாள். பின்னறை மேற்கு வெயிலில் இட்லிப் பானை. ஒரே வீட்டுக்குள் ஊட்டியும் வேலூரும் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மகள் பிரசவத்துக்கு வந்த வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது. பங்குனி வெயில். பச்சைப்பிள்ளையோடு அவள் பின்னறையில் இருந்தாள். முன்னறையில் படுக்கவைத்தால் தெருவில் போகும் வண்டிச் சத்தத்துக்குக் குழந்தை தூக்கிவாரிப்போட்டு அழும். பத்தே நாளில் பேரன் முதுகெல்லாம் வேர்க்குரு. சம்பந்தியம்மா போனில் மரியாதையாகத்தான் பேசினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன் சம்பந்தி. குழந்தையை வேக வெச்சு அனுப்ப வேணாம் பாருங்க."

மூன்று மாதம் வைத்துச் சீராட்டி அனுப்ப நினைத்திருந்த எங்களுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றினேன். ஈரச் சாக்கு விரித்தேன். இன்னொரு ஃபேன் வாங்கி வைத்தேன். அது சூட்டையே திருப்பித் திருப்பி அடித்தது. மாவிளக்கு போடுவதாகவும் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை என் மனைவி வழக்கம்போல வீடெல்லாம் சாம்பிராணி காட்டினாள். முன்னறைப் புகை வாசல் வழியாக வெளியே போய்விட்டது. பின்னறைப் புகை மட்டும் மேலே ஏறி, தளத்துக்குக் கீழே அப்படியே நின்றது. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இந்த ரூம்ல புகைக்கே வழி இல்லப்பா. சூடு மட்டும் எப்படிப் போவும்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த அறையின் மேற்குச் சுவரில், உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. அதில் வரும் காற்று முன்னறைவரை ஓடி, சாமி விளக்கை அணைத்துக்கொண்டே இருக்கும். குடிவந்த வருஷமே பலகை வைத்து, சிமெண்ட் பூசி அதை அடைத்தவன் நான்தான். எங்கள் வீட்டு விளக்கு நடுவில் அணைந்ததே இல்லை என்று கோயிலில் பெருமை வேறு.

மறுநாள் காலை உளியும் சுத்தியலும் எடுத்து ஸ்டூல்மேல் ஏறினேன். பலகை பெயர்ந்தபோது என் தலையெல்லாம் சிமெண்ட் தூள். மத்தியானத்துக்குள் இரண்டு அறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றினேன், அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடியும் அணைந்தது. பலகையைத் தேடிப் போன என்னை மனைவி நிறுத்தினாள்.

"அணைஞ்சா இன்னொரு குச்சி கிழிங்க. பிள்ளை தூங்குது, அதைப் பாருங்க."

பார்த்தேன். பிறகு கடைக்குப் போய் விளக்குக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு வாங்கிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டிப்போக வந்த சம்பந்தியம்மா காபி குடித்துவிட்டுப் பேரனுக்குப் பக்கத்தில் சாய்ந்தார். குறட்டை முன்னறைவரை கேட்டது. எழுந்தவர் தனியாகவே ஊருக்குக் கிளம்பினார்.

இப்போது கோயிலில், அம்மன் என் கனவில் வந்து சுவரைக் காட்டினாள் என்று சொல்கிறார்கள். அவள் கருணை இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் கனவு எதுவும் எனக்கு வரவில்லை. சொன்னது என் மகள். யாரிடமாவது இதைச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அடைத்தவன் நான் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.