காய்ந்த கட்டைக்கு நான் உத்தரவாதம்

மர அறுவை மில்லில் பலகை வாங்க வருகிறவர் கால் மணி நேரத்தில் முடிவெடுத்துவிடுவார். அடுப்புக்கு ஓரக்கட்டை வாங்க வருகிறவர்தான் மூன்று நாள் யோசிப்பார். உருண்டை மரத்தைச் சதுரமாக்கும்போது முதலில் கழன்று விழுமே, ஒரு பக்கம் பட்டையும் மறுபக்கம் தட்டையுமாக, அதுதான் ஓரக்கட்டை. ராசிபுரம் ரோட்டில் ஒரு மில்லில் பதினோரு வருடமாக அதை விற்றுக்கொண்டிருக்கிறேன். குளிக்க வெந்நீர் போடுகிற பாய்லருக்குத்தான் பாதிப்பேர் வாங்குவார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: காய்ந்திருக்கிறதா? நானும் ஒரே பதில்தான் சொல்வேன். கடையில் உட்கார்ந்து "நல்லா இருக்குமா?" என்பதற்குத் தலையாட்டியே கழுத்து வலி கண்ட என்னைப் போன்ற விற்பனையாளர்களுக்கு நான் என்ன சொன்னேன் என்று விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் பற்றியது

இந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மில்லில் காய்ந்த கட்டையெல்லாம் விற்றுப்போய், விற்காத ஈரக்கட்டைதான் என் வீட்டுக்கு வரும். அது எரியாது; அழும். ஒரு நாள் பாய்லரை ஊதி ஊதிக் கண் சிவந்த என் மனைவி கலைச்செல்வி, மார்கழி பிறப்பதற்குள் காய்ந்த கட்டை ஒரு வண்டி வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கீசர் மாட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். கடைக்குப் போய் வெள்ளை நிறத்தில் ஒன்று பார்த்தும் வைத்துவிட்டாள்.

எங்கள் தெருவில் முக்கால்வாசிப்பேர் எங்கள் மில் வாடிக்கையாளர்கள். அதனால் சேதி மறுநாளே முதலாளிக்குப் போய்விட்டது. நல்ல மனிதர், கோபம் வந்தாலும் சாமி போட்டுத்தான் பேசுவார். என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "கட்டை விக்கறவன் ஊட்டுலயே கீசரு மாட்டுனா, நம்ம கட்டையை யாரு சாமி வாங்குவா? கீசரு வந்துச்சுன்னா நீயும் அந்தக் கீசரு கடைக்கே வேலைக்குப் போயிக்க."

தட்டிப் பார்க்கிறவர்கள்

கட்டை காய்ந்ததா என்று அறிய ஊருக்கே தெரிந்த வழி, இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவது. காய்ந்தது 'ணங்' என்னும். ஈரம் 'தொப்' என்னும். அதற்காகவே ஆபீஸ் வாசலில் தகரக் கூரைக்கு அடியில், இடுப்பு உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்திருக்கிறோம். எத்தனை மழை பெய்தாலும் அதன்மேல் ஒரு சொட்டு விழாது. வருகிறவர்கள் அதில் தட்டுவார்கள், முகம் மலர்வார்கள். வண்டியில் ஏறுவது வெளியே கிடக்கும் குவியலிலிருந்து. பதினோரு வருடத்தில் அந்த அடுக்கிலிருந்து ஒரு கட்டைகூட விலைக்குப் போனதில்லை.

டவுனில் வசதியானவர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் ரிட்டையர்டு அதிகாரி ஒருவர், இந்தப் பக்கம் தோட்ட வீடு கட்டியவர், இரண்டு கட்டையை எடுத்து சுருதி சேர்க்கும் மிருதங்க வித்வான் போலக் காதருகே வைத்துத் தட்டினார். இன்னொரு ஜோடி. இன்னொரு ஜோடி. அரை மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு இரண்டையும் பத்திரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சத்தமெல்லாம் பிரமாதமா இருக்கு. ஆனா, எனக்கு லேசா காது மந்தம். நாளைக்கு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரேன்."

பாய்லரோடு வந்தவர்

எருமப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி மினி ஆட்டோவில் செம்பு பாய்லரையே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. பத்துக் கட்டைக்குப் பணம் கொடுத்து வாங்கி, மில் முற்றத்திலேயே மூட்டினார். குவியலின் மேல்வரிசையில் நானே பொறுக்கிக் கொடுத்தது, ஒழுங்காகத்தான் எரிந்தது. மரம் அறுக்கிற ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, மனிதர் குவியலுக்குப் பின்னால் போய், தலைக்கு ஊற்றி, சாவகாசமாகக் குளித்தார். துவட்டிக்கொண்டு வந்தபோது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வண்டி ஏற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"தண்ணி நல்லாத்தானுங்க காஞ்சுது. ஆனா இன்னைக்குப் பாத்து வெயிலு வேற அடிக்குதுங்க. கட்டையில காஞ்சுதா, வெயில்ல காஞ்சுதான்னு நானு எப்படிங்க கண்டுபுடிக்கறது? ஒரு மழை நாளாப் பாத்து வாரேன்."

வேம்பு வேண்டாம்

ராசிபுரத்தில் தறி வைத்திருக்கும் ஓர் அம்மாள் முழு வண்டி கேட்டார். தட்டிப் பார்க்காமலே கேட்கிறாரே என்று மகிழ்ந்தேன். பிறகுதான் நிபந்தனை வந்தது: வேப்பங்கட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாரியம்மன் மரத்தை எரித்த வெந்நீரில் குளித்தால் உடம்புக்கு ஆகாதாம். பட்டையைப் பார்த்து, மோந்து பார்த்து, சந்தேகம் வந்தால் நுனியைக் கடித்தும் பார்த்து, அவரும் நானும் காலையிலிருந்து மத்தியானம் வரை பிரித்தோம். எனக்கு நாக்கெல்லாம் கசப்பு. வேம்பு தனியாக ஒரு சின்ன மலையாகச் சேர்ந்துவிட்டது.

இதை யார் தலையில் கட்டுவது என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். "அதையும் வேற வண்டியில ஏத்தி எங்க சம்பந்தி ஊட்டுல எறக்கிருங்க சாமி. அவிய இதெல்லாம் பாக்க மாட்டாங்க."

பக்கத்து வீடு

அடுத்த கதையில் சிரிப்பு குறைவு, செய்தது நான். எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா, "தம்பி, நீ சொன்னாச் சரி" என்று தட்டாமல், மோந்து பார்க்காமல், ஒரு வண்டி வாங்கினார். மனதறிந்து ஈரக்கட்டையை ஏற்றி அனுப்பினேன். ஈரக்கட்டை தேங்கினால் சுருங்கும் முதலாளி முகம்தான் கண்முன் நின்றது. மறுநாள் காலை அக்கா பாய்லரைப் பற்றவைத்தார். புகை முழுக்கச் சுவரைத் தாண்டி எங்கள் சமையலறை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. என் மகள் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். கலைச்செல்வி ஜன்னலைச் சாத்த ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா இருமலோடு அவளுக்கு ஆறுதல் சொன்னார்: "தம்பி மேல தப்பு இருக்காது கண்ணு. எனக்குத்தான் அடுப்பு மூட்டவே தெரியல."

அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

அவள் வாங்க வந்த நாள்

மார்கழிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கலைச்செல்வி மொபெட்டில் மில்லுக்கே வந்தாள். என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல், நேராக முதலாளியிடம் போய், கட்டை பார்க்க வேண்டும் என்றாள். அவர் பூரித்துப்போய் வாசல் அடுக்கைக் காட்டினார். அவள் தட்டவில்லை. மேலே இருந்த ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்து, "இதுல எத்தன வருசமாத் தட்டிப் பாக்கறாங்க? மூலையெல்லாம் மழுங்கிப் போச்சுங்களே" என்றாள். பிறகு வெளியே போய்க் குவியலின் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். அதில் காளான் பூத்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் மரத்தூளைப் பார்த்தேன். கீசர் கடையில் என் முதல் நாள் எப்படியிருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஆனால் அவள் முழு வண்டி ஈரக்கட்டையை வாங்குவதாகச் சொன்னாள். மொட்டை மாடியில் காற்றுப் போகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, சித்திரை வெயில் முழுக்கக் காயவிட்டால் அடுத்த மார்கழிக்கு ஆகும் என்றாள். அடுக்க வேண்டியது நான். குளிர் விட்ட நாளில் எவரும் விறகை நினைப்பதில்லை, குளிர் வந்த நாளில் ஓடி வருகிறார்கள் என்று பதினோரு வருடமாகப் பார்த்த எனக்கு, சித்திரையில் ஒரு வண்டி போட்டு வைக்கத் தோன்றியதே இல்லை. கீசர் வேண்டாமா என்று கேட்டேன். வேலை தப்பியது என்ற நிம்மதி முழுசாக வருவதற்குள், அவள் வாசல் அடுக்கு மொத்தத்தையும் அதே வண்டியில் ஏற்றச் சொன்னாள். காளானைப் பார்த்துவிட்ட முதலாளி, தானே ஆளைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார்.

"கீசரெல்லாம் வேண்டாங்க. இந்தக் காஞ்ச கட்டையில பாதி எனக்கும் புள்ளைக்கும், பாதி பாப்பாத்தி அக்காவுக்கு. நீங்க வித்த கட்டை காயற வரைக்கும், நீங்க மட்டும் தொட்டித் தண்ணியில குளிங்க."

வேலையும் இருக்கிறது, பாய்லரும் இருக்கிறது. மார்கழி விடியலில் சொம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, ஊற்றலாமா வேண்டாமா என்று என் வாடிக்கையாளர்களைவிட அதிக நேரம் யோசித்துக்கொண்டு நிற்பவன் இப்போது நான்தான்.