அல்ரனேற்றர் கேட்டனீ, புல்லி கேக்கேல்லை

என் தகப்பன், ஐயா, எனக்குத் தந்த சீதனத்தில் ஒரு பழைய டீசல் காரும் இருந்தது. அதை அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அண்ணை. புங்குடுதீவில், குறிகட்டுவான் துறையில், நயினாதீவுக் கோயிலுக்குப் போய்வரும் சனத்தை ஏற்றி இறக்கும் ஹயர் ஓட்டம் அவருடையது. கலியாணத்தன்று காலையில் ஐயா அவரிடமிருந்து கார்த் திறப்பை வாங்கி என் கணவரின் கையில் வைத்தார். அண்ணை பந்தியில் இருக்காமல் போனார். அதற்குப் பிறகு என் கணவரோடு அவர் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கொஞ்சக் காலத்தில் அண்ணையும் அதே மாதிரிக் கார் ஒன்றை வாங்கினார். ஆத்திரத்தில் வாங்கினார் என்பது ஊருக்கே தெரியும். துறையில் இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு முட்ட நிற்கும். கோயில் லோஞ்சுப் படகிலிருந்து சனம் இறங்கினால் அண்ணை கத்துவார்: "அந்தக் காரிலை ஏறாதேங்கோ, பாலத்திலை நிண்டிடும்!" என் கணவர் தன் காரை அண்ணையின் காருக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்துவார். பின்னேரம் இரண்டு பேருடைய கோபமும் என்னிடம்தான் வந்து சேரும். "உம்மடை அண்ணைக்குச் சொல்லி வையும்" என்பார் இவர். "உன்ரை மனுசனுக்குச் சொல்லி வை" என்பார் அவர்.

இந்தியச் சிப்பாய்கள் வந்து நின்ற காலத்தில் அண்ணையின் காருக்கு எஞ்சின் இறுகிப் போனது. அவருடைய வளவில் கிடுகுக் கொட்டிலுக்குள் அது முடங்கியது. என் கணவர் அன்றைக்குப் பாயாசம் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை.

அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. எங்கள் காரில் பற்றரிக்கான சிவப்பு லைற் அணையாமல் எரியத் தொடங்கியது. அல்ரனேற்றர் செத்துவிட்டது, பற்றரிக்குக் கரண்ட் ஏறவில்லை. டீசல் கார் என்றபடியால் தள்ளிவிட்டால் ஸ்ரார்ட் ஆகும், பகலில் ஓடலாம். ஆனால் அல்ரனேற்றரின் புல்லியும் ஆடியது. பெல்ற் ஓடும் அந்தச் சில்லின் ஓட்டை தேய்ந்து, விளிம்பும் கோணியிருந்தது. அது பெல்ற்றைத் தின்றது. பெல்ற் அறுந்தால் தண்ணீர்ப் பம்பும் நின்று எஞ்சின் கொதிக்கும். அப்படிக் கொதித்துக் கார் ஒரு நாள், தீவிலிருந்து பட்டணத்துக்குப் போகும் கடற்பாலத்தில் நின்றே விட்டது. அண்ணை சொன்னது பலித்ததில் என் கணவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான், எங்களோடு இருந்த ஐயாவின் கால் கறுத்தது. அவருக்குச் சலரோகம், சீனி வருத்தம். பெருவிரலில் வந்த புண் ஆறாமல் பாதத்துக்கு ஏறியது. மருந்து கட்டியவர், "இனி இஞ்சை வைச்சிருக்க ஏலாது, பட்டணத்துக்குக் கொண்டு போங்கோ" என்றார். பஸ் ஓடவில்லை. மற்றக் கார்க்காரர் சிப்பாய்களுக்குப் பயந்து வீதிக்கு எடுக்கவில்லை.

நான் அண்ணையிடம் போனேன்.

"உங்கடை கார் சும்மாதானே கிடக்குது. அதின்ரை அல்ரனேற்றரைத் தாங்கோ அண்ணை. ஐயாவைக் கொண்டு போகவேணும்."

"அவன் வந்து கேக்கட்டும்."

"அவர் வரமாட்டார். நான் கேக்கிறன்."

ஸ்பனரை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். பிறகு கழற்றிக் கொண்டுவந்து, சாக்கில் சுற்றி என் கையில் தந்தார். வீட்டில் அவிழ்த்துப் பார்த்த என் கணவர் சிரித்தார். நல்ல சிரிப்பல்ல. முன்பக்கம் மொட்டையாக இருந்தது. புல்லியைக் கழற்றி எடுத்துவிட்டுத் தந்திருக்கிறார்.

நான் திரும்பப் போய்க் கேட்டேன். அண்ணை தலை நிமிரவில்லை.

"அல்ரனேற்றர்தானே கேட்டனீ. புல்லி கேக்கேல்லை."

"இனியொருக்கால் அவன்ரை படலையைத் திறந்தீரெண்டால் இந்த வீட்டுக்கு வராதையும்" என்றார் என் கணவர். எங்களுடைய கோணல் புல்லியையே அண்ணையின் அல்ரனேற்றரில் பூட்டினார். மிச்சமிருந்த இரண்டு பெல்ற்றில் ஒன்றைப் போட்டு ஓடிப் பார்த்தார். கோயிலடிக்குப் போக முன்னம் அதுவும் நார் நாராகப் போனது. காரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தோம். ஐயா அறைக்குள் முனகிக்கொண்டிருந்தார். புண்ணின் மணம் விறாந்தை வரைக்கும் வந்தது.

அடுத்த நாள் படலையைத் திறந்துகொண்டு நேரே அண்ணையின் விறாந்தைக்குப் போனேன். கதிரையில் கிடந்த பழைய பேப்பர்கள் பறக்காமல் இருக்க அந்தப் புல்லியைத்தான் பாரமாக வைத்திருந்தார். எடுத்தேன்.

"அது வேறை காரின்ரை" என்றார்.

"அப்ப பூட்டிப் பாப்பம்."

"கீழை வை உதை!"

நான் வைக்கவில்லை. அவர் பின்னாலேயே வந்தார். வேகமாக நடந்தேன். வைதுகொண்டே வந்தவர் எங்கள் வளவுக்குள்ளும் வந்துவிட்டார். கலியாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் உள்ளே வந்தது.

என் கணவர் பொனற்றைத் திறந்து வைத்திருந்தார். "அவன்ரை கை என்ரை காரிலை படக்கூடாது" என்றார். "நான் பூட்டாட்டி அவர் நட்டை முறிப்பார் எண்டு சொல்லு" என்றார் அண்ணை. நான் பற்றரி வயரைக் கழற்றினேன். பார்த்துப் பார்த்து அதுவரை எனக்கே பாடமாகியிருந்தது.

புல்லியின் நட்டை ஒருவரால் இறுக்க ஏலாது. அது கூடவே சுற்றும். ஒருவர் அறுந்த பெல்ற்றைச் சுற்றிப் புல்லியை இழுத்துப் பிடிக்கவேண்டும், மற்றவர் ஸ்பனரைத் திருப்பவேண்டும். நான் பிடித்துப் பார்த்தேன், என் பலம் காணாது. கடைசியில் அண்ணை பிடித்தார், இவர் திருப்பினார். இடையில் நான் நின்றேன்.

"இன்னும் இறுக்கச் சொல்லு."

"ஒழுங்காப் பிடிக்கச் சொல்லும்."

ஸ்பனர் வழுக்கியது. போய் அண்ணையின் விரல் மொளியில் பட்டது. தோல் பிளந்து இரத்தம் புல்லியில் வடிந்தது. அண்ணை பிடியை விடவில்லை. என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். தற்செயலா, வேண்டுமென்றேயா என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

கடைசிப் பெல்ற்றையும் பற்றரி வயரையும் பூட்டி, தள்ளி ஸ்ரார்ட் செய்தார்கள். சிவப்பு லைற் அணைந்தது.

விடிந்ததும் ஐயாவைப் பின் சீற்றில் ஏற்றினேன். அண்ணை வந்து முன் கதவைத் திறந்து ஏறினார். "என்ரை சாமான் போற இடத்துக்கு நானும் போவன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வழி முழுக்க, காரை ஓட்டிய என் கணவர் வீதியைப் பார்த்தார், அண்ணை தன் பக்கக் கண்ணாடியால் கடலைப் பார்த்தார்.

பட்டணத்துக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் குனிந்து, அவர்கள் இருவரையும் காட்டி, "சொந்தமா?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"இல்லை" என்றார்கள் இரண்டு பேரும். வாழ்க்கையில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

சிப்பாய்க்குச் சந்தேகம் பிடித்தது. இருவரையும் இறக்கி, வெயிலில் தூரத் தூர நிற்பாட்டினார்கள். காரைக் குடைந்தார்கள். ஐயா தண்ணீர் கேட்டார். நான் இறங்கிப் போய்க் கத்தினேன்: "அவர் என்ரை மனுசன்! இவர் என்ரை அண்ணை! உள்ளுக்கை கிடக்கிறது எங்கடை தேப்பன்!" விளங்கியதோ இல்லையோ, என் சத்தத்துக்குச் சிப்பாய்களில் பெரியவன் ஒருவன் வந்து பார்த்தான். ஐயாவின் காலைக் கண்டதும் போகச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். "கொஞ்சம் முந்திக் கொண்டந்திருந்தால் விரலோடை போயிருக்கும்" என்றார் டொக்ரர். வெளியே கிடந்த நீட்டு வாங்கில் ஒரு அந்தத்தில் அண்ணையும் மற்ற அந்தத்தில் என் கணவரும் இருந்தார்கள். "புல்லியை ஒளிச்சவரைக் கேளும்" என்றார் இவர். "கோணல் புல்லியோடை ஓடினவரைக் கேள்" என்றார் அவர். நான் எழும்பிப் போய் ஐயாவின் கட்டிலடியில் நிலத்தில் இருந்தேன்.

ஐயா வீடு திரும்பிய மறுநாளே அண்ணை ஸ்பனரோடு வந்து அல்ரனேற்றரையும் புல்லியையும் கழற்றினார். என் கணவர் கதிரையில் கால் மேல் கால் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா சன்னலால் எல்லாவற்றையும் கண்டார். என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் இனி என்ரை அறைக்குள்ளை வரக்கூடாது. சொல்லிப்போடு."

சொன்னேன். ரெண்டு பேரும் என்று சொல்லியும், ஐயா மற்றவரைத்தான் சொல்கிறார் என்று இருவரும் நினைத்தார்கள். பிறகு அண்ணை ஒருநாள் தோடம்பழத்தோடு வந்தபோது ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுபோனபோது தட்டிவிட்டார். அதன் பிறகு அந்த அறைக்குப் போனது நான் மட்டும்தான்.

சண்டைக்குப் பயந்து தீவுச் சனம் எல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நாங்களும் அண்ணையும் வள்ளத்தில் அக்கரைக்குப் போனோம். அங்கே, யாரோ விட்ட வீட்டில், ஐயா செத்தார். பாடை தூக்க ஆள் குறைவு. முன்பக்கம் இடது தோளுக்கு அண்ணை, வலது தோளுக்கு என் கணவர். வேறு வழியில்லாமல் ஒன்றாக அடியெடுத்து வைத்தார்கள். சுடலையிலிருந்து ஆளுக்கொரு ஒழுங்கையால் திரும்பி வந்து, ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு என்னிடம் தேத்தண்ணி கேட்டார்கள்.

கேத்தில் கொதித்துக்கொண்டுதான் கிடந்தது. நான் எழும்பவில்லை.