ஜலஜா கோட்டம் எடுத்த சக்கரம்

மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுக்கும் ஜலஜாவுக்குச் சக்கரம் கட்டும் ஆசை எந்த ஜென்மத்திலும் இருந்ததில்லை. சாய்ந்து படுத்தபடி மிதிக்கிற சைக்கிளை வீட்டிலேயே செய்யக் கிளம்பியவர் அவள் கணவர் சுப்பராமன். அவர் கம்பி கோத்த சக்கரம் குடிகாரன் மாதிரி ஆடியது. தட்டினால் கம்பிக்குக் கம்பி அபஸ்வரம். பொறுக்காமல் அவள்தான் கையில் எடுத்தாள். மூன்று மாதம் விரல் கிழியக் கற்றுக்கொண்டு, எல்லாக் கம்பியையும் ஒரே சுருதிக்கு முறுக்கி, ஆட்டம் துளியும் இல்லாமல் கோட்டம் எடுத்தாள்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அந்த சைக்கிளைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரர் வந்து, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து அசந்துபோனார்.

"எல்லாம் நான் போட்ட கணக்கு, ஸார்," என்றார் சுப்பராமன். "ஜலஜா, ஸாருக்குக் காபி!"

கொடுத்தாள்.

மறுவாரம் லஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்து சக்கரம் கோணிக்கொண்டது. தள்ளிக்கொண்டு வந்தவர், "கொஞ்சம் பாரேன்," என்றார்.

வீணையிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "அதையும் உங்க கணக்கையே பாக்கச் சொல்லுங்கோ."