ஜானகி கட்டிய புடவைகள்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் புத்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கையில் பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் கஞ்சித் தூக்கு இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து சந்தானம் இறங்கினார். எங்கள் பஸ் கம்பெனி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் குடையை மடக்கிக்கொண்டே வந்து, "ஸ்டெல்லாம்மா, விஷயம் தெரியுமோ? ஏலம் போயிடுத்து" என்றார்.

சொன்ன பிறகுதான் அதன் இன்னோர் அர்த்தம் அவருக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "அடடா, அப்படிச் சொல்ல வரலை. விடியக்காலம் ஆஸ்பத்திரியில பிராணன் போயிடுத்தாம். ஆத்துக்குக் கொண்டுவந்துட்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஏலம் என்பது ஜானகிக்கு ஆபீஸில் வைத்த பெயர். வைத்தவர் சந்தானம்தான். அவளோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், அந்தப் பெயரில்தான் அவளை ஞாபகம் வைத்திருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜங்ஷனுக்குப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ். டைப் அடிக்க இரண்டு பெண்கள்: பாலக்கரையிலிருந்து நான், ஸ்ரீரங்கத்திலிருந்து அவள். அவளுக்கு அப்பா இல்லை. கணவன் கல்யாணமான மறு வருஷமே பம்பாய்க்குப் போனவன். திரும்பவில்லை, இருக்கிறானா என்பதற்கும் தகவல் இல்லை. அம்மாவும் தங்கை வத்சலாவும் அவள் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதேதான். ஆனால் அவள் படியேறி வந்தால் டிரைவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நேற்றுக் கட்டியதை இன்று கட்டமாட்டாள். ஜாக்கெட்டின் நிறம் புடவையில் எங்கோ ஒரு கோட்டில் ஒளிந்திருக்கும், தேடினால்தான் தெரியும். யாரோ பணக்காரன் வைத்திருக்கிறான் என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. அவள் காதுக்கும் எட்டியது. "அப்படி ஒருத்தன் இருந்தா துணி எடுக்கத் தெரியாதவனாத்தான் இருப்பான்" என்றாள்.

உண்மையில் அவள் உடம்பில் இருந்த எதுவும் புதிதல்ல. ஜரிகையை உருக்குவதற்காகப் பழைய பட்டு வாங்கும் கடைகள் பெரிய கடைவீதிச் சந்துகளில் இருந்தன. அவர்கள் கழித்துப் போட்டதை அவள் எடுப்பாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்மணி ஒருத்தி, மூட்டையை மற்றவர்களிடம் தள்ளுமுன் இவளுக்கு அவிழ்த்துக் காட்டுவாள். மிச்சம் கட் பீஸ் கடை. கிழிந்த இரண்டு புடவைகளை வெட்டி ஒன்றாக்குவாள். ஒன்றின் உடல், இன்னொன்றின் முந்தானை. "பாதி மதுரை, பாதி காஞ்சிபுரம், நடுவுல நான்" என்பாள். வீட்டில் எல்லாம் தள்ளுபடியில் வாங்கிய புதுத் துணி என்று சொல்லி வைத்திருந்தாள். யாரோ கட்டிக் கழித்ததை ஆசாரமான வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அதனால் துவைப்பதும் தைப்பதும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில். பருத்தியை சோடா உப்பில் வேகவைப்பாள், பட்டுக்குப் பூந்திக்கொட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்மலைச் சந்தைக்கும் போவோம். ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். கப்பலில் ஏற்ற முடியாததைச் சந்தையில் பரப்பினார்கள். ஒரு தடவை ஓர் அம்மாள் சின்னப் பெண்ணின் கவுன்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலை கேட்டதும் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, "என் பொண்ணோடது. இங்கேதான் புதைச்சிருக்கு. துணியை மட்டும் எடுத்துட்டுப் போய் என்ன பண்றது?" என்று அழத் தொடங்கினாள். ஜானகி ஒரு கவுனை உள்பக்கமாகத் திருப்பினாள். தையலுக்குள் மடிந்திருந்த துணியின் நிறத்தையும் வெளி நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். "வெளுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டாள். அம்மாள் கண்ணைத் துடைத்தபடியே கொடுத்துவிட்டாள். திரும்பும் வழியில் ஜானகியே சொன்னாள். "அழறவாகிட்ட பேரம் பேசப்படாதுன்னா, ஸ்டெல்லா, நான் யார்கிட்டயும் துணி வாங்க முடியாது."

ஆபீஸ் அவளை விட்டுவைக்கவில்லை. ஓர் ஆயுத பூஜையன்று மானேஜரின் மனைவி வந்திருந்தார். எல்லோரும் சுண்டலை வாங்கிக்கொண்டு நின்றபோது அந்த அம்மாள் ஜானகியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, இது எம் புடவைல்ல? எவர்சில்வர் தூக்குக்குப் போட்டேனே. இதுல காபி கொட்டின கறை இருக்குமே, எங்க?"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஜானகி அவசரப்படவில்லை. கொசுவத்தில் ஓர் இடத்தை விரித்துக் காட்டினாள். கறையின் வடிவத்துக்கே ஒரு வெற்றிலைக் கொடி, பச்சை நூலில்.

"இங்கே இருக்கு. உங்ககிட்ட இருந்தப்ப கறை. இப்ப இலை."

ஒரு டிரைவர் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் தண்டனை அனுபவித்தாள். மறுநாள் அவள் மேஜையை முன்கூடத்திலிருந்து எடுத்து, பழைய டயர் அடுக்கிய பின்னறையில் போட்டார்கள். வெளியாட்கள் வந்துபோகும் இடத்தில் பழந்துணி கட்டியவள் உட்காரக்கூடாதாம். சந்தானம் அன்றுதான், "ஏலத்தை உள்ளே தள்ளியாச்சா?" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. கிளீனர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தான் செத்தால்கூட இந்தப் பெயரில்தான் சொல்லுவார்கள் என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

வத்சலாவுக்கு லால்குடியில் வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று கட்டிவிட ஜானகி ஒரு பட்டுப் புடவை செய்தாள். மயில் கழுத்து நிறத்தில் உடல். அரக்கு நிறத்தில் முந்தானை. இணைத்த தையல் தோள் மடிப்புக்குள் விழுந்தது. பையனின் அம்மாவுக்குப் பெண்ணைவிடப் புடவை பிடித்துப்போனது. "நிச்சயத்துக்கும் இதையே கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிச்சயத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ரேழியில் உட்கார்ந்திருந்தேன். சந்தானம் லால்குடிக்காரர்களுக்கு ஒன்றுவிட்ட உறவு, அவரும் வந்திருந்தார். தாம்பூலம் மாற்றப்போகும் நேரத்தில், யாரோ புடவையைப் புகழ, அவர் விளையாட்டாகச் சொன்னார்: "ஆபீஸ்ல இவா அக்காவுக்குப் பேரே ஏலம்னா! ஊர்ல யார் கழிச்சாலும் இவா ஆத்துக்குத்தான் வந்து சேரும்."

பையனின் அம்மா எழுந்து வந்து வத்சலாவின் தோளிலிருந்த முந்தானையைப் பிரித்தாள். விரலால் தடவித் தையலைக் கண்டுபிடித்தாள்.

"இது யார் கட்டினது?"

வத்சலாவின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"உன்னைத்தாண்டி கேக்கறேன். யார் கட்டினது?"

"எனக்குத் தெரியாது. அக்காதான் கொண்டுவந்தா" என்றாள் வத்சலா.

"ஜரிகைக்கடையில கழிச்சது. யாருதுன்னு எனக்கும் தெரியாது" என்றாள் ஜானகி. பொய் சொல்லியிருக்கலாம். தையலைத் தொட்ட விரல் இன்னும் தையலின் மேலேயே இருந்தது. அதனால் சொல்லவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"செத்தவா கட்டினதாக்கூட இருக்கும். முதல்ல அதை அவுத்துப் போட்டுட்டுத் தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு வரச் சொல்லுங்கோ."

வத்சலாவைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்கள். ஈரத் தலையோடு பக்கத்து வீட்டுப் பெண்ணின் புடவையில் திரும்பி வந்தாள். அதுவும் இன்னொருத்தி கட்டியதுதான். அதை யாரும் கேட்கவில்லை. பையனின் அம்மா நிதானமாகவே பேசினாள். சம்பந்தத்தை முறிக்கப்போவதில்லை, பெண் நன்றாக இருக்கிறாள், ஜாதகமும் பொருந்தியிருக்கிறது என்றாள். "ஆனா அக்கா கல்யாணத்துக்கு வரப்படாது. அவ கை பட்டது எதுவும் பொண்ணு மேல இருக்கப்படாது."

ஜானகி தங்கையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. வத்சலா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அக்கா, நீயே சொல்லிடேன், வரலைன்னு."

"வரலை" என்றாள் ஜானகி.

கல்யாணச் செலவு முழுவதும் அவளுடையது. முகூர்த்தத்தன்று வழக்கம்போல ஆபீஸுக்கு வந்தாள். வெள்ளையில் ஊதாக் கட்டம் போட்ட புடவை. கழுத்தில் ஜன்னல் திரை லேஸ் வைத்த ஜாக்கெட். நான் பார்த்ததிலேயே அன்றுதான் மிக அழகாக இருந்தாள். டயர் நாற்றத்தின் நடுவே நாள் முழுக்க டைப் அடித்தாள். ஒரு பிழைகூட இல்லை. கல்யாணத்துக்குப் போய்வந்த சந்தானம் மறுநாள் ஒரு லட்டைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். பின்னறை வாசலில் நாலு பேர் வேடிக்கை பார்த்து நின்றார்கள். அவள் லட்டை முழுவதும் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தித்திப்புக் கொஞ்சம் ஜாஸ்தி. கிராம்பு போடலை" என்றாள்.

அம்மா இறந்தபோது வத்சலா வந்து போனாள். பேச்சு இல்லை. அதன் பிறகு வருஷங்கள் கழித்து, ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு வாசலில் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து நின்றாள். அவள் கணவனுக்கு அரிசி மில்லில் வேலை போய்விட்டது. ஜானகி தரையில் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைகளுக்குத் தீபாவளிக்கு ஒண்ணும் இல்லைக்கா" என்றாள் வத்சலா.

ஜானகி குழந்தைகளைக் கூப்பிட்டு அளவெடுத்தாள். குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் மேல் வைத்துப் பார்த்தாள். வைக்கும்போதெல்லாம் சொன்னாள். "இது பொன்மலையில செத்துப்போன ஒரு குழந்தையோடது. இது வைசூரி வந்த வீட்டுலேர்ந்து வந்தது. நன்னா வேகவெச்சுட்டேன். இது யார் கட்டினதுன்னு தெரியாது. வேணுமா?" ஒவ்வொன்றுக்கும் வத்சலா, "வேணும்க்கா" என்றாள். ஜானகி ஒன்றைக்கூடக் கேட்காமல் விடவில்லை; பதில் வரும்வரை அடுத்ததை எடுக்கவில்லை. குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது வத்சலா தயங்கினாள். "மாமியாருக்கும் ஒண்ணு வேணும். படுக்கையில கிடக்கறா. பழசானாலும் பரவால்லைன்னா."

நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. ஜானகி குவியலின் அடியிலிருந்து மிக மிருதுவான ஒரு நூல் புடவையை உருவினாள். படுத்திருப்பவர்களுக்கு உறுத்தாத துணி. "ஆஸ்பத்திரியில செத்தவளோடது. உன் மாமியார்கிட்ட அதைச் சொல்லித்தான் கட்டிவிடணும். சொல்றேன்னு சொல்லு, தரேன்."

"சொல்றேன்" என்றாள் வத்சலா. சொன்னாளா என்று தெரியாது. அவள் போன பிறகு, ஏன் இப்படி என்று நான் கேட்டேன். ஜானகி சாயங்காலம்வரை அந்தச் சின்ன கவுன்களுக்கு மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் லால்குடி பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டுமாம். "எல்லாத்தையும் எடுத்துண்டா, பார்த்தியா?" என்றாள், அவ்வளவுதான்.

வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் அவள் கண் ஓயவில்லை. எதிர்க் கட்டிலில் ஒரு பெண் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். "அவ கட்டிண்டிருக்கறது நல்ல நூல், ஸ்டெல்லா. ரெண்டு நாள் தாங்கமாட்டா. மனுஷா வந்தா கேட்டு வை" என்று என் காதில் சொன்னாள். எதிர்க் கட்டில்காரி பிழைத்து வீட்டுக்குப் போனாள்.

சந்தானம் சொன்ன அன்று பஸ் மாறி நான் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது, ஜானகியைச் சுற்றி நின்று பெண்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பம்பாய்க்குப் போன கணவன் உயிரோடு இருந்தால் சிவப்பு போடவேண்டும், இல்லையென்றால் வெள்ளை. அவன் இருக்கிறானா? "இவளுக்கே தெரியாதே, கேக்கறதுக்கு" என்றாள் ஒருத்தி. கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சள் முடிவாயிற்று. வத்சலா கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தாள். விறைப்பான புதுப் புடவை, கடைச் சீட்டு ஓரத்தில் ஒட்டியிருந்தது. ஜாக்கெட்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. தூறலில் வாசலுக்குக் கொண்டுவந்ததும் சாயம் பாடை ஓலையில் இறங்கியது.

எல்லோரும் போன பிறகு வத்சலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியில நீங்கதானே கூட இருந்தேள். என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"இல்லை, வத்சலா. உன் பேரையே எடுக்கலை" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். மாதா கோயிலுக்குப் போகிறவள் நான். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்வதைப் பாவமென்று நினைத்தவள் அல்ல. சொல்லியிருந்தால் அந்தப் பெண் அன்று கொஞ்சம் நிம்மதியாக அழுதிருப்பாள். வாயில் வரவில்லை. ஜானகியின் பெட்டியிலிருந்த துணிகள் எங்கே போயினவோ, நான் கேட்கவில்லை. ஜானகியிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தக் கடினம் ஒன்றுதான். எனக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல இப்போது யாரும் இல்லை.